‘விழித்தெழுங்கள்’ கட்டுரைக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

வணக்கம். நேற்று ராத்திரி நம் தமிழ் விக்கிப்பீடியா கட்டுரையில் மிச்சமிருந்த கடைசி ‘சான்று தேவை’ குறிப்பையும் எடுத்தாச்சு. படுக்கப் போகும் முன் பக்க வரலாற்றைக் கீழே இருந்து மேலே வரை ஒருமுறை பார்த்தேன், உங்கள் பயனர் பெயர்கள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தன. இதை எழுதாமல் விடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

தமிழ் விக்கிப்பீடியாவில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 140ஆம் எண் கான்டாட்டாவுக்கு (தேவாலய ஆராதனைக்காகக் குரல்களும் வாத்தியங்களும் சேரும் பல பகுதி இசைப்படைப்பு), அதாவது ‘வாஹெட் ஔஃப், ரூஃப்ட் உன்ஸ் டீ ஷ்டிமே’ (‘விழித்தெழுங்கள், குரல் நம்மை அழைக்கிறது’) என்பதற்கு, நான் தொடங்கும்போது இருந்தது நாலே வரி. யார் இயற்றியது, லைப்சிக், 1731, ஏழு பகுதிகள், முடிந்தது. ஒரு வாரத்தில் நிரப்பிவிடலாம் என்று மணல்தொட்டியில், அதாவது என் பயிற்சிப் பக்கத்தில், எழுதிக் கொண்டுவந்து போட்டேன். அதில் தப்பும் இருந்தது, ஆனால் தப்பைவிட அதிகமாக, எனக்கே முழுசாகப் புரியாமல் அப்படியே எடுத்து எழுதிய வரிகள் இருந்தன. அவற்றைத்தான் நீங்கள் ஒவ்வொன்றாகப் பிடித்தீர்கள்.

முதலில் கணிதம் படிக்கும் தம்பிக்கு. “திரித்துவ ஞாயிற்றுக்குப் பின்வரும் 27ஆம் ஞாயிற்றுக்காக எழுதப்பட்டது” என்று ஒரு வரி போட்டுவிட்டு நான் நகர்ந்துவிட்டேன். அவர் உரையாடல் பக்கத்தில் வந்து, “அந்த ஞாயிறு எல்லா வருஷமும் வருமா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் அவரே கணக்குப் போட்டு வைத்திருந்தார்: 1731இல் ஈஸ்டர் மார்ச் 25, எட்டு வாரம் தள்ளி மே 20 திரித்துவ ஞாயிறு, அங்கிருந்து 27 வாரம் எண்ணினால் நவம்பர் 25, அதற்கு அடுத்த ஞாயிறு டிசம்பர் 2இல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கிவிடும், புதுத் திருச்சபை ஆண்டு பிறந்துவிடும். ஆக ஈஸ்டர் மார்ச் 26ஆம் தேதிக்குள் வந்தால்தான் அந்த 27ஆவது ஞாயிற்றுக்கு இடமே இருக்கிறது. பாக் லைப்சிகில் வேலை பார்த்த 1723 முதல் 1750 வரை அப்படி வந்தது இரண்டே தடவை, 1731இலும் 1742இலும். சபைப் பாட்டுகளை அடிப்படையாக வைத்து ஞாயிற்றுக்கு ஒன்றாக 1724இல் தொடங்கிய கான்டாட்டா வரிசையில் இந்த ஞாயிறு ஏன் காலியாக இருந்தது, அதை ஏன் பாக் ஏழு வருஷம் கழித்து வந்து நிரப்பினார் என்பதெல்லாம் அந்த ஒரு கணக்கில் விளங்கிவிட்டது. கட்டுரையின் ‘பின்னணி’ பகுதி இன்று இருக்கும் வடிவம் முழுக்க அவருடைய கேள்வியில் இருந்து வந்தது.

ஜெர்மனியில் இருக்கும் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. இந்தக் கான்டாட்டாவுக்கு அடிப்படையான மூலப் பாடலை எழுதிய பிலிப் நிக்கொலாய் பற்றி நான் “ஒரு போதகர்” என்று மட்டும் எழுதியிருந்தேன். உன்னா என்ற ஊரில் பிளேக் நோய் வந்து கொத்துக் கொத்தாக ஆட்கள் செத்துக்கொண்டிருந்த நாட்களில் அங்கே சபையைப் பார்த்துக்கொண்டவர் அவர், 1599இல் வந்த அவர் புத்தகத்தில்தான் இந்தப் பாட்டும் வந்தது என்று அக்கா சான்றோடு சேர்த்தார். அப்புறம் இன்னொன்று காட்டினார், அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பாட்டின் மூன்று சரணங்களும் வாஹெட், சியோன், குளோரியா என்று தொடங்குகின்றன. ஜெர்மனில் W, Z, G என்ற அந்த மூன்று முதலெழுத்துகளைக் கடைசியில் இருந்து திருப்பிப் படித்தால் G, Z, W, அதாவது ‘கிராஃப் சூ வால்டெக்’, வால்டெக் கோமான். நிக்கொலாயிடம் படித்த பையன், 1598இல் பிளேக்கில் போய்விட்டான். கல்யாண ஊர்வலப் பாட்டுக்குள் அந்த மாணவன் பெயரை ஒளித்து வைத்திருக்கிறார். அக்கா கைவைப்பதற்கு முன் இது நம் கட்டுரையில் இல்லை.

சபைப் பாடகர் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கும் நான் பெரிய கடன்பட்டிருக்கிறேன். பாட்டில் மணமகனாக வரும் இயேசுவை நான் கட்டுரை முழுக்க ‘மாப்பிள்ளை’ என்று எழுதியிருந்தேன். ஐயா மத்தேயு 25ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டினார், பத்துக் கன்னிகைகள் உவமையில் நடுராத்திரியில் கேட்கும் சத்தம், “இதோ, மணவாளன் வருகிறார்.” தமிழ் வேதாகமத்தில் இத்தனை காலமாக இருக்கும் சொல்லை விட்டுவிட்டு நான் வேறு எதையோ போட்டிருக்கிறேன். அதை மாற்றிய பிறகுதான் கட்டுரை தமிழில் பேச ஆரம்பித்தது.

அங்கிருந்து கிளம்பியதுதான் அந்த நீண்ட ‘நீயா, நீரா’ விவாதம். மூன்றாம் பகுதியில் மணப்பெண்ணாக வரும் ஆன்மா, சோப்ரானோ என்ற உச்சக் குரலில் “எப்போது வருவீர், என் மீட்பே?” என்று கேட்கிறது, இயேசு பாஸ் என்ற கீழ்க்குரலில் “வருகிறேன்” என்கிறார், அதற்கு அவள் “எரியும் எண்ணெயோடு காத்திருக்கிறேன்” என்கிறாள். ஜெர்மனில் இது நெருக்கமானவர்களுக்குள் புழங்கும் முன்னிலை. பாசுரங்கள் படித்த ஒருவர், ஆண்டாள் கண்ணனை ‘நீ’ என்றுதானே கூப்பிடுகிறாள், மணவாளனை எதற்கு ‘நீர்’ என்று எட்ட நிறுத்த வேண்டும் என்று கேட்டார். ஐயா, தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டில் ‘நீர்’ தான் நெஞ்சில் இருந்து வரும் சொல், அதில் தூரம் கிடையாது என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. கடைசியில் மொழிபெயர்ப்பில் ‘நீர்’, கீழே ஜெர்மன் வழக்கு பற்றி ஒரு குறிப்பு என்று முடிவானது. பத்து நாள் நடந்த அந்தப் பேச்சில் ஒருவர்கூடக் குரல் உயர்த்தவில்லை. இருவருக்கும் மனசார நன்றி.

வயலின் வாசிக்கும் அன்பருக்கு: அதே பகுதியில் வரும் வயலினோ பிக்கோலோவை “சின்ன வயலின்” என்று சொல்லி நான் விட்டிருந்தேன். வழக்கமான வயலினைவிட மூன்று அரைச்சுரம் மேலே தந்தி கூட்டுவார்கள், அதனால் சி மைனரில் கேட்கும் இசைக்கு வாசிப்பவர் முன் இருக்கும் தாளில் ஏ மைனர் எழுதியிருக்கும் என்று நீங்கள் சேர்த்த இரண்டு வரியும், பாடகரின் சுருதிக்கு ஏற்ப வயலின் கூட்டும் நம் ஊர் வாசகருக்கு உடனே பிடிபடும். எல்லாக் குரலும் வாத்தியமும் ஒன்றாக இருக்கும், பாக் கையால் எழுதிய முழு ஸ்கோர் இன்று இல்லை, கலைஞர்களுக்கான தனித்தனித் தாள்கள்தான் மிஞ்சியிருக்கின்றன என்ற இடத்தையும் நீங்கள்தான் திருத்தினீர்கள்.

ஒற்றுப்பிழை பார்த்தவர்கள், தகவற்பெட்டியைச் சரி செய்தவர், விக்கிமீடியா பொதுவகத்தில் இருந்து இசைத்தாள் படம் கொண்டுவந்தவர், உங்கள் எல்லோர் பெயரும் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் பார்த்தேன்.

இன்று காலையில் கணக்குத் தம்பி மறுபடி ஒரு குறிப்பு போட்டிருக்கிறார். 2008க்குப் பிறகு அந்த 27ஆம் ஞாயிறு வரவே இல்லையாம். அடுத்து வருவது 2035இல், ஈஸ்டர் அதே மார்ச் 25, ஞாயிறு அதே நவம்பர் 25, 1731இல் எப்படியோ அப்படியே. அன்றைக்கு முதற்பக்கத்தில் இந்தக் கட்டுரை வர வேண்டும் என்று இப்போதே எழுதி வைத்திருக்கிறார். நான் கீழே கையொப்பம் போட்டுவிட்டேன். நீங்களும் போடுங்கள்.