அவர் சொல்லாமல் விட்டவை

மன்னார்குடி,
மாசி மாதம்.

அன்புள்ள சரோஜாவுக்கு,

இங்கு நலம், நீயும் உன் வீட்டுக்காரரும் நலமென்று உன் கடிதத்திலிருந்து தெரிந்தது. நீ ஐப்பசியில் எழுதியதற்கு மாசியில் பதில் எழுதுகிறேன். பதில் எழுதக்கூட முடியாதபடி உடைந்துபோய்விட்டாயா என்று தொலைபேசியில் கேட்டாயே, அதற்கு விடை, அறுவடை முடியவில்லை என்பதுதான். ஆம், சாகுபடி செய்தது நான்தான். சிரிக்காமல் மேலே படி.

அவர் போனது வைகாசிக் கடைசியில். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கூடத்தில் ஒரு சபை கூடியது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம், அத்தையைப் பெரிய நாத்தனார் வைத்துக்கொள்ளட்டும், என்னைச் சென்னையில் மகள் வைத்துக்கொள்ளட்டும் என்று என் எதிரிலேயே, என்னைக் கேட்காமலேயே எல்லாவற்றையும் பிரித்து முடித்தார்கள். எனக்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. பேசியவர் அத்தைதான். 88 வயதில், ஒரு கண்ணில் பார்வையும் இல்லாதவர், "என்னை எங்கே வைப்பது என்று நான் செத்த பிறகு பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றி எழுந்து போய்விட்டார். சபை கலைந்தது.

நிலம் 3 ஏக்கர், ஊர்க்கணக்கில் ஒன்பது மா. குறுவைக்கு மேட்டூர்த் தண்ணீர் வந்தபோது வயல் உழாமல் கிடந்தது. ஆவணியில்தான் சம்பாவுக்கு இறங்குவது என்று முடிவு செய்தேன். நாற்றங்காலிலிருந்து தொடங்க வேண்டியிருந்ததால் அவருடைய பழைய டைரிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்ல வந்த விஷயமே அதுதான். இதை வேறு எவரிடமும் நான் சொல்ல முடியாது.

எனக்கு அவர்மேல் அடங்காத கோபம் வந்தது, சரோஜா. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் "தங்கமான மனுஷன், உன்னை வரப்பில் கால் வைக்க விட்டதில்லை" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். அதுதான் என் கோபத்துக்குக் காரணம். டைரியில் நாள் தவறாமல் எழுதியிருக்கிறார், ஆனால் எல்லாம் அவருக்கு மட்டுமே புரிகிற மாதிரி: "கி.வா. 2", "டி. 1350", "செ.-க்கு மீதி". கிழக்கு வாய்க்காலில் இரண்டாம் மடை என்று தண்ணீர் கட்டுகிற பெரியவர் சொன்ன பிறகே முதலாவது விளங்கியது. டி.ஏ.பி. மூட்டை விலை 1,350 ரூபாய் என்பது நானே உரக்கடை வாசலில் போய் நின்றபோது தெரிந்தது. மூன்றாவது இன்றுவரை தெரியவில்லை, "செ." யாரென்று தெரியாமல் யாரைப் பார்த்தாலும் இவருக்கு நாம் பாக்கி வைத்திருக்கிறோமோ என்று கூச்சமாக இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவளுக்குத் தன் வீட்டுக் கணக்குத் தெரியவில்லை. அன்பின் பேரால் என்னை ஒன்றும் அறியாதவளாக வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று ஓர் இரவு முழுவதும் அவரோடு மனத்துக்குள் சண்டை போட்டேன்.

அந்த டைரிகளில் 2018-ஆம் ஆண்டுக்குரியதில் ஒரு நகைக்கடன் ரசீது இருந்தது. கஜா புயலில் கொல்லைத் தென்னைகள் எல்லாம் சாய்ந்தனவே, அந்த மாதம் என் இரட்டை வடச் சங்கிலியை அடகு வைத்திருக்கிறார். மறு ஆண்டு தையில் மீட்டுப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். அது வங்கிப் பெட்டகத்தில் பத்திரமாக இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கேட்டிருந்தால் நானே எடுத்துக் கொடுத்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். என் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல்தான் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும். கோபம் அதனால் குறையவில்லை. கூடவே அழுகையும் வந்தது, அவ்வளவுதான். உன் வீட்டுக்காரர் இப்போது எதிரில் இருந்தால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, எந்தக் கணக்கில் எவ்வளவு, எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் என்று கேட்டு எழுதி வாங்கு. அபசகுனமாகப் பேசுகிறேன் என்று அவர் சொன்னால் என் பெயரைச் சொல்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கப் போனபோதுதான் ஒரு வேடிக்கை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி மக்களோடு தாயும் முதல் வகுப்பு வாரிசாம். எனக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு அத்தைக்கும் உண்டு. வீட்டுக்கு வந்து சொன்னேன். அன்றிலிருந்து அத்தை என்னைப் "பங்காளி" என்றுதான் கூப்பிடுகிறார்.

சி.ஆர். 1009 நெல் ரகம் போட்டோம். கார்த்திகையில் ஆனைக்கொம்பன் பூச்சி வந்தது. தாக்கிய தூரில் இலைக்குப் பதிலாக வெங்காயத் தாள் போல வெளிறிய குழல் ஒன்று நீண்டிருந்ததை முதன்முதலாகக் கையால் பிடித்துப் பார்த்தேன். மழையில் தெற்குப் பக்கம் சாய்ந்துவிட்டது. பெல்ட் வண்டி வைத்துத்தான் அறுக்க முடிந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள் என்ற பயத்தில் நெல்லைக் களத்தில் கொட்டிக் காயவைத்துக்கொண்டே இருந்தேன். அத்தை என் கையைப் பிடித்துக் களத்துக்கு வந்து, குவியலின் நடுவில் கை விட்டு இரண்டு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். நெல் மசியாமல் "கடுக்" என்று உடைந்தது எனக்கே கேட்டது. "மூட்டை பிடி" என்றார். நிலையத்து மீட்டரும் அதையே சொல்லிற்று. பட்டா இன்னும் மாறவில்லை. ஆனாலும் 40 கிலோ மூட்டைகளை ஏற்றுவதற்கு முன் வாங்கிய அடங்கல் என்ற சாகுபடிச் சான்றில், சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அதை இரண்டு முறை படித்தேன் என்றால் நீ கேலி செய்வாய், செய்துகொள்.

பகல் இப்படிப் போய்விடுகிறது. மாலை ஆறு மணிக்கு மேல்தான் சிரமம். நான் காலையிலேயே படித்து முடித்த பத்திரிகையை மாலையில் உரக்கப் படித்து எனக்கு விளக்கம் சொல்வாரே, அந்த நேரம். இப்போது அத்தை மரண அறிவிப்புகளைப் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். தன்னைவிட இளையவர்கள் பெயர் வந்தால் கணக்குத் தவறிவிட்டது என்கிறார்.

இனி உன் பேத்தி கல்யாணம். ஆண்டுத் திதி வருவதற்குள் விசேஷத்துக்கு வரலாமா என்று இங்கே பேச்சு இருக்கிறது. அதற்கு முன்பே நீ, கைம்பெண்ணைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பதைக் கண்டித்து 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன செய்தியைக் கத்தரித்து அனுப்பி, முதல் ஆரத்தி நான்தான் எடுக்க வேண்டும் என்றும் எழுதிவிட்டாய். உன் மனம் எனக்குத் தெரியும். ஆனால் என்னை ஒதுக்கி வைப்பவர்களிடம் படுகிற கூச்சம் போதாதென்று, உன் முற்போக்கை ஊருக்குக் காட்ட என்னை மேடையேற்றிவிடாதே. அவர் இருந்திருந்தால் எங்கே உட்கார்ந்திருப்பேனோ அங்கே ஒரு நாற்காலி போடு. உன் பெரிய சம்பந்தி பக்கத்தில் மட்டும் வேண்டாம், காரணம் உனக்கே தெரியும். ஆரத்தியை உன் மருமகளோடு சேர்ந்து எடுக்கிறேன்.

செம்மொழி எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்துவிட்டேன். நாத்தனார் வந்து அத்தையைப் பார்த்துக்கொள்வார்; வந்த இடத்தில் நிலப் பேச்சை எடுக்கக்கூடாது என்று பங்காளி நிபந்தனை போட்டிருக்கிறார். நம் வயல் அரிசி ஒரு மூட்டை கொண்டுவருகிறேன். 1009 இட்லிக்குத்தான் நன்றாக இருக்கும். சோறு வடித்துவிட்டு என்னைத் திட்டாதே. விடுதிக் கொத்சு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடு, மாத்திரை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் கணக்கு