கயல் பார்க்கிற நாடகம் பற்றி அக்காவுக்கு

பாங்காக்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அங்கே அம்மா, அப்பா, மாமா, கயல் எல்லாரும் நலமா? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. ராணி அத்தை மகன் கொண்டுவந்து கொடுத்த பையில், பருப்புப்பொடிக்கு அடியில் மடித்து வைத்திருந்தாய். பொடி வாசனை இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது. பதில் போட இத்தனை நாள் ஆனதற்கு என்னை மன்னித்துவிடு. ஆபீசில் வருடக் கணக்கு முடிக்கிற நேரம். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீ கேட்டிருக்கிற விஷயத்தை, அம்மா பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன்.

அறை மாற்றியது உண்மைதான். சீலோம் பக்கம் சத்தம் அதிகம், தூக்கமே வராது. இப்போது ஆற்றைத் தாண்டி வோங்வியன் யாயில் இருக்கிறேன். மூன்றாவது ஸ்டேஷனில் இறங்கினால் ஆபீஸ், ஒரு கஷ்டமும் இல்லை. ஜன்னல் பெரிசு, நல்ல காற்று, ஏசியே தேவைப்படவில்லை. அப்புறம், கோயிலில் எடுத்த போட்டோவில் காதில் கம்மல் இல்லையே என்று கேட்டிருந்தாய். கல் எண்ணுகிற இடத்தில் நகை போட விடுவதில்லை, அதனால் கழற்றி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் அப்படியே சொல்லிவிடு.

பக்கத்து அறையில் பா நொய் என்று ஒரு அம்மா இருக்கிறார். 'பா' என்றால் இங்கே பெரியம்மா. அறுபது வயதுக்கு மேல், தனியாள். விடியற்காலையில் சந்தையில் கனோம் சாய் சாய் விற்கிறார். தேங்காயும் பனைவெல்லமும் சேர்த்துக் கிளறிய பூரணத்தை அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த கூழில் பொதிந்து, வாழையிலையில் மடித்து வேகவைக்கிற பலகாரம். முதல் நாள் அந்த வாசனை கதவிடுக்கு வழியாக வந்தபோது நம் வீட்டுப் பிள்ளையார் சதுர்த்திதான் நினைவுக்கு வந்தது. எழுந்து போய்க் கதவைத் தட்டிவிட்டேன், ஆனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு பொட்டலம் கையில் வைத்தார். "கின் காவ் ரூ யாங்?" என்றார். சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். இங்கே யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதுதான், நம்மூர் மாதிரியே.

இந்த பா நொய் வாழையிலை மடித்தபடியே ராத்திரியில் டிவி பார்ப்பார். இரண்டு ஆண் பிள்ளைகள் ஒருவரையொருவர் காதலிக்கிற அந்த நாடகங்களைத்தான் பார்ப்பார். கயல் உன்னிடம் மாட்டிக்கொண்டாளே, அதே ரகம். கயல் பி.எல். என்று சொல்லியிருப்பாள், 'பாய்ஸ் லவ்' என்பதன் சுருக்கம். இங்கே 'சீரீஸ் வாய்' என்பார்கள். யாவோய் என்ற ஜப்பான் சொல்லை ஆங்கிலத்தில் எழுதினால் வருகிற முதல் எழுத்து, Y, அதுதான் இந்த 'வாய்'. ராத்திரியில் நானும் போய் உட்காருவேன். எனக்குத் தாய்லாந்து பாஷை வந்ததே அப்படித்தான். பா நொய்யின் கை நிற்காது. இலையைத் துடைப்பார், மடிப்பார், மூங்கில் ஊசியால் குத்துவார். ஆனால் திரையில் ஒருவன் மற்றவனிடம் மனசைச் சொல்லப் போகிறான் என்றால் கை அப்படியே நின்றுவிடும், ஊசி அந்தரத்தில் இருக்கும். சொல்லி முடித்த பிறகுதான் குத்துவார்.

"இதெல்லாம் என்ன கண்றாவி, நீ அங்கே இருக்கிறாயே, நீயே சொல்லு" என்று எழுதியிருக்கிறாய். கண்றாவி இல்லை அக்கா. நான் நான்கு வருடமாகப் பார்க்கிறேன், நல்லதும் கெட்டதும் பார்த்திருக்கிறேன். அப்பா ஒரு கல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இது எவ்வளவு தாங்கும் என்று சொல்லுவாரே, அந்த மாதிரி இப்போது ஒரு காதல் காட்சியைப் பார்த்தால் எனக்கும் தெரிகிறது.

முதலில் எனக்குப் பிடிக்காதவற்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய நாடகங்களில் வேண்டாம் என்று சொல்கிறவன் பேச்சை யாரும் கேட்பதில்லை. பின்னாலேயே சுற்றுவது, கையைப் பிடித்து இழுப்பது, சம்மதம் கேட்காமல் முத்தமிடுவது, அதற்கு ஒரு மெல்லிய பாட்டு. நம் சினிமாவில் பார்த்து வெறுத்துப்போன அதே சங்கதிதான். 2016ல் வந்த 'சோட்டஸ்' இங்கே பெரிய வெற்றி. இன்ஜினியரிங் காலேஜில் சீனியர் ஜூனியரை ராகிங் செய்வதில் கதை தொடங்கும். கூட்டத்துக்கு நடுவில் ஜூனியர் எழுந்து, உங்களை என் மனைவி ஆக்கிக்கொள்வேன் என்று சீனியரிடமே சொல்லுவான். ஊரே விசிலடித்தது. எனக்கு அந்தச் சொல்தான் உறுத்தல். இரண்டு பேரும் ஆண்கள், அதில் ஒருவன் ஏன் 'மனைவி' ஆக வேண்டும்? ஆனால் அந்த சீனியர் முறைத்துக்கொண்டே பிங்க் பால் குடிக்கிற காட்சிகளை மறக்க முடியாது. பெயர் நோம் யென், சாலா சிரப் ஊற்றின பால். அதைப் பார்த்ததும் வாங்கிக் குடித்தேன் அக்கா. கண்ணை மூடிக்கொண்டால் கிட்டத்தட்ட நம் ரோஸ்மில்க். மலைக்கோட்டை ஏறி இறங்கிவிட்டு, ஆளுக்கு அரை கிளாஸ் என்று நாம் பங்கு போட்டுக் குடித்தோமே.

கயலின் சிநேகிதிகள் எல்லாம் '2கெதர்' பார்த்திருப்பார்கள். 2020ல், ஊரடங்குக் காலத்தில் வந்தது. பாட்டு நன்றாக இருக்கும், பையன்கள் அழகு. ஆனால் அதில் கிரீன் என்று ஒருவன், நடை உடையில் பெண்மை உள்ளவன், அவனைக் கண்டு ஓடுவதுதான் கதைக்கே தொடக்கம். அவனை வைத்துத்தான் சிரிப்புக் காட்டுகிறார்கள். ஆணை விரும்புகிற ஆணைக் கொண்டாடுகிற கதையில் அப்படிப்பட்ட இன்னொருவனையே கோமாளி ஆக்கினால் அது என்ன நியாயம்? கயலிடம் இதைக் கேள். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கும் எழுது.

கொன்று முடிக்கிற கதைகளும் எனக்கு ஆகாது. 2019ல் தைவானில் 'ஹிஸ்டரி' வரிசையில் ஒரு கதை வந்தது. இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறார்கள். கடைசியில் ஒருவனை விபத்தில் சாகடித்துவிட்டார்கள். அதே வருடம் மே மாதம்தான் அந்த நாட்டில் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம் என்று வந்தது. சட்டமே வாழவிட்ட பிறகு கதை ஏன் கொல்ல வேண்டும்? இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி, பிடித்தவை. 'மூன்லைட் சிக்கன்' என்று 2023ல் வந்தது, எட்டே பாகம். பட்டாயாவில் ராத்திரியில் காவ் மன் காய் விற்கிற ஒரு கடைக்காரர். கோழி வேகவைத்த நீரிலும் கொழுப்பிலும் பொங்கிய சோறு, மேலே வெட்டிவைத்த கோழி, பக்கத்தில் இஞ்சியும் மிளகாயும் சோயா விழுதும் கலந்த காரம். அவருக்கு வயது கூடிவிட்டது, கடன் இருக்கிறது, வளர்க்க சகோதரி மகன் இருக்கிறான், காதலெல்லாம் இனி எதற்கு என்று இருக்கிறார். அவரை விரும்புகிற இளைஞன் பெரிய வசனம் ஏதும் பேசுவதில்லை. கடைக்கு வருகிறான், உட்காருகிறான், காத்திருக்கிறான். அந்தச் சகோதரி மகனுக்கும் ஒரு காதல் உண்டு. காது கேளாத பையனோடு பேசுவதற்காகக் கையசைவு மொழி கற்றுக்கொள்வான். முதலில் தப்புத் தப்பாகத்தான் செய்வான், மற்றவன் அவன் விரலைப் பிடித்துத் திருத்துவான். அவ்வளவுதான் காட்சி. பா நொய் அன்றைக்கு ஒரு பொட்டலம்கூட மடிக்கவில்லை.

எனக்குக் காதல் என்றால் அதுதான் அக்கா. கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். பதில் வேண்டாம் என்று வந்தால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நல்ல நாடகங்களில் ஒருவன் மற்றவனிடம் உயிரைக் கொடுப்பேன் என்று சொல்வதில்லை. சாப்பிட்டாயா என்கிறான். ஜப்பானில் 2019ல் வந்த ஒன்றில் நடுவயதில் இருக்கிற இரண்டு பேர், ஒருவர் வக்கீல், ஒருவர் முடிதிருத்துபவர். கடையில் எந்தக் காய் மலிவு என்று பார்த்து வாங்கி, வக்கீல் சமைப்பார், மற்றவர் ஒவ்வொரு வாய்க்கும் ரசித்துச் சாப்பிடுவார். ஒவ்வொரு பாகமும் அந்தச் சாப்பாட்டு மேஜைக்குத்தான் வந்து சேரும். அதை நான் முதலில் பார்த்தது ஒரு சனிக்கிழமை. தட்டில் சோறும் உன் பருப்புப்பொடியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சோறு ஆறிப்போயிற்று. நம் வீட்டில் அப்பா பட்டறையிலிருந்து வர எவ்வளவு நேரமானாலும் அம்மா சாப்பிடாமல் இருப்பாளே, நீயும் நானும் தூங்கி விழுந்துகொண்டே அவர்கள் பாத்திரம் உருட்டுகிற சத்தத்தைக் கேட்போமே. இந்த அறையில் அந்தச் சத்தம் இல்லை. சரி, அதை விடு. பா நொய் இருக்கிறார், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நடிக்கிற பிள்ளைகளைப் பற்றி ஒன்று. இங்கே ஜோடியாக நடித்தவர்களை 'கூ ஜின்' என்று கொண்டாடுவார்கள், கற்பனை ஜோடி என்று சொல்லலாம். மேடையிலும் விளம்பரத்திலும் சேர்ந்தே வருவார்கள். அதில் ஒருவனுக்கு நிஜத்தில் காதலி இருப்பது தெரிந்தால் ரசிகைகள் கொதித்துப்போவார்கள். அது தப்பு. கதையில் இருக்கிறவனை நேசிக்கலாம், நடிக்கிறவன் வாழ்க்கை அவனுடையது. கயலுக்கு இதை அழுத்திச் சொல்.

நாடகம் பார்க்காதே என்று கயலைத் தடுக்காதே. நீயும் பக்கத்தில் உட்கார்ந்து பார். 'கின்போர்ஷ்' மட்டும் வேண்டாம், அது பெரியவர்களுக்கானது. 2021ல் வந்த 'பேட் படி'யில் தொடங்கு. அடுத்தடுத்த இரண்டு வீட்டுக்குத் தீராத பகை, அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் காதலிக்கிறார்கள். சிரிப்பும் உண்டு. முடிந்தால் 'ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ'வும் பார். பூகெட் தீவில் நடக்கிற கதை, கடல் அவ்வளவு அழகு. அதில் ஒருவன் பெயர் ஓ ஏவ். அது அந்த ஊர் ஜெல்லி இனிப்பின் பெயர், துருவிய ஐஸோடு கொடுப்பார்கள். மற்றவன் அவனுக்குச் சீன மொழி சொல்லிக்கொடுக்கிறான். தனக்கு என்ன ஆகிறது என்று சொல்லிக்கொடுக்கிறவனுக்கே பிடிபடாமல், கோபமாகவும் அழுகையாகவும் வருகிறது. பதினேழு பதினெட்டு வயதில் அப்படித்தானே இருக்கும்?

2025 ஜனவரி 23 அன்று, ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் திருமணம் செய்துகொள்ளலாம் என்கிற சட்டம் இந்த நாட்டிலும் நடைமுறைக்கு வந்தது. தென்கிழக்கு ஆசியாவில் முதல் நாடு. இங்கே பாங்காக்கில் நம் மாரியம்மன் கோயில் இருக்கிற வட்டாரத்தின் பெயரே பாங் ராக். ராக் என்றால் காதல். காதலர் தினத்தன்று அந்த வட்டார ஆபீசில் பதிவுத் திருமணத்துக்கு எப்போதும் கூட்டம் அலைமோதும். ஜனவரியில் டிவியில் ஜோடி ஜோடியாகச் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார்கள். நரைத்த தலைகளும் இருந்தன. பா நொய் பார்த்துக்கொண்டே இருந்தார், கையில் இலை இல்லை. அவருடைய தம்பியைப் பற்றி அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார். நண்பர் என்று சொல்லிக்கொண்டே ஒருவரோடு இருபது வருடம் வாழ்ந்தாராம். தம்பி செத்தபோது அந்த நண்பர் எங்கே உட்காருவது என்று யாருக்கும் தெரியவில்லையாம், கடைசி வரிசையில் உட்கார்ந்தாராம். நான் ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டுக் கேட்டு அழுதார்.

இதை எழுதும்போதுதான் பிரபு விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது பெண்ணையும் வேண்டாம் என்றுவிட்டான், நீயாவது பேசு என்று சித்தி அழுததாக எழுதியிருக்கிறாய். நான் அவனோடு பேசினேன், கல்யாணத்தைப் பற்றி இல்லை. அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் மூன்று முறை வேண்டாம் என்று சொன்ன பிள்ளையிடம் நாலாவது ஜாதகத்தைக் கொண்டுபோய் நீட்ட வேண்டாம் என்று சித்தியிடம் சொல். ஆவணியில் நிச்சயம் வைக்கலாம் என்று சித்தப்பா யாரிடமாவது வாக்குக் கொடுத்திருந்தால் உடனே திரும்பப் பெறச் சொல். நாளைக்கு இன்னொரு வீட்டுப் பெண் கண்ணீர்விடக் கூடாது. தீபாவளிக்கு அவனை நம் வீட்டுக்கு வரச்சொல்லி நாலு நாள் தங்கவை. ஒன்றும் கேட்காதே. மொட்டை மாடியில் உட்கார்ந்து அவனாக ஏதாவது பேசினால், முழுசாகக் கேள். இந்தக் கடிதத்தைச் சித்தி கண்ணில் படாமல் வை.

அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. வாழ்நாள் முழுக்கக் கல்லைப் பார்த்த கண். மாமாவை விட்டு டாக்டரிடம் தேதி வாங்கச் சொல். இந்த மாதப் பணம் இருபதாம் தேதிக்கு அப்புறம்தான் வரும், சம்பளத்தை வேறு பேங்குக்கு மாற்றுகிறார்கள், வேறொன்றுமில்லை. அதுவரை சீட்டுப் பணத்தில் சமாளி. கயலுக்கு டியூஷன் ஃபீஸ் எவ்வளவு என்று எழுது. ஓட்டு வீட்டுப் பக்கம் ஒழுகுகிறது என்றாயே, மழைக்கு முன்னால் ஆள் கூப்பிட்டாயா? அம்மா சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று கயலைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

அடுத்த தடவை யாராவது வந்தால் நெல்லிக்காய் ஊறுகாயும் பொடியும் கொஞ்சம் கூடவே கொடுத்தனுப்பு. பா நொய்க்கும் பொடி பிடித்துப்போய்விட்டது, சோற்றில் போட்டு அப்படியே சாப்பிடுகிறார், நெய்கூட ஊற்றுவதில்லை.

அன்புடன்,
தேன்மொழி