சங்கானைச் சுவரில் தொடங்கிய கடன்

அன்புடையீர்,

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியிலுள்ள கிராமக் கிறிஸ்தவக் கோயில்களின் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலக் கதையைச் சொல்லும் நம் சிறு கையேடு ஒருவழியாக அச்சேறிவிட்டது. அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

முதல் நன்றி சங்கானை அக்காவுக்கு. இடிந்து நிற்கும் பழைய கோயிலின் முருகைக்கல் சுவரை நானும் தம்பியும் நாடா பிடித்து அளந்துகொண்டிருந்தோம். "இந்த வெயிலுக்குள்ள என்ன செய்யிறியள் பிள்ளையள்?" என்று கேட்டு, கிணற்றுத் தண்ணீரும் பனங்கட்டியும் தந்தீர்கள். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்த திருநீறு உங்கள் நெற்றியில் அழியாமல் இருந்தது.

நெதர்லாந்தில் இருக்கும் அண்ணாவுக்கு எப்படி நன்றி சொல்ல! 1658இல் ஒல்லாந்தர் போர்த்துக்கேயப் பறங்கியரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது வந்த போதகர் பிலிப்பஸ் பல்தேயஸ். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான அவருடைய நூலின் பக்கங்களை இரவிரவாகப் படித்துத் தமிழில் சொன்னவர் நீங்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, மல்லாகம், அச்சுவேலி என்று நம் ஊர்க் கோயில்கள் அதில் ஒவ்வொன்றாக வருகின்றன. கர்த்தருடைய செபத்தைத் தமிழெழுத்தில் அச்சிட்டிருந்த பக்கத்தில் பிழைகளைக் கண்டு இருவரும் சிரித்தோமே, அதற்கும் சேர்த்து நன்றி.

இந்தக் கதையின் நடுவில் போதகர்களைவிடச் சட்டம்பியார்மாரே, அதாவது பள்ளி வாத்தியார்மாரே, நிற்கிறார்கள் என்பது பெரியையா காட்டிய வழி. போதகர்கள் ஒருசிலர், ஊர்களோ பல. ஞாயிறன்று எழுதி அனுப்பிய பிரசங்கத்தை வாசித்ததும், பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு அபராதம் போட்டதும், ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்ததும் அந்த உள்ளூர் வாத்தியார்தான். அந்தப் பதிவு இல்லாவிட்டால் கலியாணம் செல்லாது, பரம்பரையாக வந்த முதுசக் காணி கைமாறுவதிலும் சிக்கல். பலர் ஞானஸ்நானம் பெற்றதற்கு இதுவே காரணம். பெயரளவில்தான் கிறிஸ்தவர்கள் என்று பல்தேயஸே குறைப்பட்டிருக்கிறார்.

"இதை எழுதத்தான் வேணுமோ?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான தயக்கம். பெரியையாதான், "நடந்ததை எழுது தம்பி" என்றார். ஒரு வரியும் வெட்டாமல் சம்மதித்த மூப்பர் அனைவருக்கும் நன்றி. 1795இல் ஆங்கிலேயர் வந்ததும் அந்தச் சபைகள் ஏன் அவ்வளவு வேகமாகக் கரைந்தன, 1816இல் தெல்லிப்பழைக்கு வந்த அமெரிக்க மிஷனரி டானியல் பூர் ஏன் பாழடைந்த கோயிலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் அந்த வரிகள் இல்லாமல் விளங்காது.

வட்டுக்கோட்டைக் கோயில் கதவைத் திறந்துவிட்டு மூன்று மணிநேரம் காத்திருந்த ஐயா, மழைக்கு இரவல் தந்த குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது, கையேட்டோடு கொண்டுவருகிறேன்.

நன்றியுடன்,
கையேட்டைத் தொகுத்தவன்