டீசல் மானியம் எந்தப் படகுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோதும், மீனவர்களுக்கு 1.65 ரிங்கிட் விலையே நீடித்தது. மீனவர் வயிற்றில் அடிக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அரசின் இந்த மானியப் பணம் யாருக்குப் போகிறது?

பினாங்கின் தெலுக் பஹாங்கிலிருந்து ஒருவரோ இருவரோ போகும் சிறு படகுக்குக் கொஞ்சம் எண்ணெய் போதும். இழுவைப் படகு அப்படியல்ல. கனத்த வலையைக் கடலடியில் மணிக்கணக்கில் இழுக்க எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மானியம் லிட்டர் கணக்கில் என்பதால், அதிகம் எரிப்பவருக்கே அதிகம் சேர்கிறது. மீன் குறைந்து, செலவுக்குக் கட்டாமல் கரையில் நின்றிருக்க வேண்டிய படகையும் மலிவு டீசல் திரும்பத் திரும்பக் கடலுக்கு அனுப்புகிறது. அந்த வலையில் விரல் நீளக் கெம்போங் மீன் குஞ்சுகளும் சிக்குகின்றன. சந்தைக்கு வந்திருக்க வேண்டிய மீன், குப்பை மீன் என்ற பெயரில் தீவனத்துக்குப் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

உலக வர்த்தக அமைப்பின் மீன்பிடி மானிய ஒப்பந்தம் 15 செப்டம்பர் 2025 முதல் நடப்பில் உள்ளது. மலேசியாவும் அதை ஏற்றிருக்கிறது. அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன்வளத்துக்கான மானியத்தை அது கட்டுப்படுத்துகிறது. படகுப் பெருக்கத்தைத் தூண்டும் மானியங்கள் பற்றிய பேச்சுவார்த்தையோ இழுபறியில் கிடக்கிறது. அது முடியும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இழுவைப் படகுகளின் டீசல் ஒதுக்கீட்டைப் படிப்படியாகக் குறைத்து, அந்தப் பணத்தைச் சிறு மீனவர்களின் கையிலேயே உதவித்தொகையாகக் கொடுங்கள். எந்த வகைப் படகுக்கு எவ்வளவு மானியம் போகிறது என்ற கணக்கையும் மீன்வளத்துறை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு