சரபோஜி படத்தின் மேலுள்ள விளக்கை அணையுங்கள்

அருங்காட்சியகக் காப்பாட்சியர் அவர்களுக்கும் துறை உயரதிகாரிகளுக்கும் வணக்கம்.

தங்கள் காட்சிக்கூடத்துச் சரபோஜி மன்னர் படத்தில், தலைப்பாகையின் ஓரமாக மக்குப் பூச்சு பிளந்து, அதன்மேல் ஒட்டிய தங்க ரேக் (மெல்லிய தங்கத்தகடு) தூக்கி நிற்பது தாங்கள் அறிந்ததே. 'பழைய படம், வெடிப்பது இயல்பு' என்று பதில் தந்தீர்கள். அது இயல்பான வெடிப்பு அல்ல. வெடிப்பு மரத்தின் ரேகைப்போக்கிலேயே ஓடுகிறது, பாருங்கள்.

பலகைமேல் துணி ஒட்டி, சுக்கான் (சுண்ணாம்புக்கல்) பொடியைப் பசையில் குழைத்த மக்கைப் பூசி, அதன்மேல் எழுதிய தஞ்சாவூர்ப் படம் இது. காலையில் ஏசி போட்டதும் காற்று வறண்டு பலகை சுருங்குகிறது. மாலையில் அணைத்ததும் ஈரம் ஏறி உப்புகிறது. மரம் அசையும், மக்கு அசையாது. தினமும் இப்படி இழுபட்டால் முதலில் விடுவது, மக்கைப் புடைப்பாக எழுப்பி மேடுவேலை செய்த இடம்தான். போதாததற்கு, நேர் மேலே ஆலசன் விளக்கு. முன்பக்கம் காய்ந்து, பின்பக்கம் ஈரச்சுவரோடு கிடந்தால் பலகை வளையாமல் என்ன செய்யும்?

அந்த விளக்கை இன்றே அணையுங்கள். சூடில்லாத எல்இடி போதும், படத்தின் மேல் விழும் ஒளி 50 லக்ஸுக்கு மிகாமல். ஏசியை இரவும் பகலும் ஒரே நிலையில் ஓட்டுங்கள், முடியாவிட்டால் அடியோடு நிறுத்திவிடுங்கள். ஈரப்பதம் 55 விழுக்காட்டை ஒட்டி, ஒரு நாளில் 5 புள்ளிக்கு மேல் ஏறி இறங்காதிருக்க வேண்டும். கண்ணாடி வண்ணத்தைத் தொடாதபடி சட்டத்துக்குள் இடைவெளிக் கட்டை வையுங்கள், தொட்டால் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, பசை கரைந்துவிடும். புது ரேக் ஒட்டி மறைக்கவும் வேண்டாம். தூக்கிய மக்கை மீன்பசை செலுத்திப் படியவைக்கத் தெரிந்த பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள்.

நுழைவாயிலுக்குப் புதுக் கிரானைட் போடப் பணம் இருந்தது, ஓர் ஈரமானி வாங்க இல்லை. பெயர்ப்பலகையோ 'சரபோஜி மன்னர்' என்பதோடு நிற்கிறது. 1712 முதல் 1728 வரை ஆண்டவரா, 1798-இல் அரியணை ஏறியவரா? இவர் இரண்டாமவர், சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்தவர், கண்நோயாளிகளின் சிகிச்சையைப் படத்தோடு குறித்துவைக்கச் செய்தவர். அவர் படத்துக்கு, அது இருக்கும் நிலையைப் பதிந்த நிலைக்குறிப்பு ஒரு தாள்கூட இல்லையென்பது மனதை வருத்துகிறது.

ஆய்வுக்குழு, கோப்பு, ஒப்புதல் எல்லாம் நடக்கட்டும். விளக்கை அணைக்க ஒப்புதல் தேவையில்லை. தயவுசெய்து இன்று மாலைக்குள் அதைச் செய்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தஞ்சாவூர் ஓவியம் பழகும் சிலர்