மழலையர் வட்டத்தின் குளிர்காலம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பெற்றோருக்கும், பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி வந்திருக்கும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கோடை ஒன்றுகூடலும் பெரிய பிள்ளைகளின் தமிழ் வகுப்பும் வழக்கம்போல் நடந்தன. இந்த அறிக்கையில் பெரும்பகுதி சனிக்கிழமை மழலையர் வட்டத்தைப் பற்றியது. இன்றைய கூட்டம் முடிவெடுக்க வேண்டியதும் அதைப் பற்றித்தான்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பெற்றோரோடு வந்து விளையாட ஏர்லிஆன் (EarlyON) நிலையங்கள் இலவசமாக நடக்கின்றன. நான்கு வயதாகும் ஆண்டின் செப்டெம்பரில் பாலர் வகுப்பும் தொடங்கிவிடுகிறது. அங்கே கிடைப்பதையே நாமும் திரும்பச் செய்யத் தேவையில்லை. இங்கே அம்மம்மாவோடு உட்கார்ந்து, தமிழில் கதைத்தபடி, இந்த ஊர்க் குளிரைக் கையால் தொட்டு அறிய ஓர் இடம் வேண்டும். அதனால், காகிதத்தில் பஞ்சு ஒட்டிப் பனிமனிதன் செய்வதை இந்த வருடம் மிகவும் குறைத்தோம். நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு நகர்த்திய கையோடு தொடங்கி மார்ச் வரை நடத்தினோம்.

பிள்ளைகள் அதிகம் விரும்பியது பனிக்கட்டி மேசை. யோகட் டப்பாவில் தண்ணீர் ஊற்றி, தேசிக்காய்த் துண்டு, ஊசியிலைக் கொப்பு, உள்ளங்கையளவு பிளாஸ்ரிக் மிருகங்களைப் போட்டு முதல் நாளே உறைய வைப்போம். மறுநாள் அந்தக் கட்டியைப் பெரிய தட்டில் கவிழ்த்து, உள்ளே இருக்கும் யானையை வெளியே எடுக்கச் சொல்வோம். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கரண்டியும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் மட்டுமே கொடுப்போம். மூன்று வயது தாண்டியவர்களுக்குக் கல்லுப்பும், மருந்து பருக்கும் ஊசியில்லாத சிறிஞ்சில் பீற்றூட் தண்ணீரோ மஞ்சள் தண்ணீரோ கொடுப்போம். உப்புப் பட்ட இடம் முதலில் உருகிக் குழிவிழும், கீறல் விடும். சிவப்புத் தண்ணீர் அந்தக் கீறல்களுக்குள் இறங்கும்போது, "வேர் போகுது, வேர் போகுது" என்று ஒரு பிள்ளை கத்தியது. எல்லோரும் அங்கே குவிந்துவிட்டார்கள். வாசலில் மாநகரசபை உப்புப் போடுவது ஏன் என்று அதற்குப் பிறகு யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றை மட்டும் வீட்டில் செய்பவர்கள் மறக்கக்கூடாது: உப்பும் பனிக்கட்டியும் சேர்ந்தால் வெறும் பனிக்கட்டியைவிடக் கடுங்குளிராகும். அதைத் தோலில் அழுத்தி வைத்தால் காயம் வரும். ஆகவே உப்பைக் கரண்டியால்தான் போட வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும்.

அடுத்தது பனிப் போத்தல். வெளியிலிருந்து போத்தல் நிறையப் பனியை அள்ளிவந்து, மட்டத்துக்கு ஓர் இறப்பர் வளையத்தை மாட்டி மேசையில் வைத்துவிடுவோம். புதிதாக விழுந்த பஞ்சுப் பனி என்றால், பத்துச் சென்றிமீற்றர் உருகி ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர் தண்ணீர்தான் மிஞ்சும். "ஆர் குடிச்சது?" என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் போத்தலின் அடியில் கறுப்பாகப் படிந்த தூசியைக் கண்டார்கள். வெள்ளையாகத் தெரியும் பனியை ஏன் வாயில் போடக்கூடாது என்று நாம் பல முறை சொன்னதை அந்தப் போத்தல் ஒரே தடவையில் காட்டிவிட்டது.

உடுப்புப் போடுவதிலேயே பாதி நேரம் போகிறது என்று செயற்குழுவில் ஒரு குறை வந்தது. அது நியாயமான கவலைதான். ஆனால் என் கருத்தில் அந்த நேரமும் படிப்புத்தான். முதலில் ஸ்நோ பாண்ட், பிறகு பூட்ஸ், அடுத்தது ஜக்கெற், தொப்பி, கடைசியாக மிற்றன் என்ற விரல் பிரியாத கையுறை. மிற்றனை முதலே போட்டுவிட்டால் ஜக்கெற்றின் சிப்பை இழுக்க முடியாது. இந்த ஒழுங்கைப் பிள்ளை தானே சொல்லிச் சொல்லிச் செய்யும்போது "முதல்", "பிறகு", "கடைசி" என்ற சொற்கள் தானாக வாயில் வருகின்றன. ஜக்கெற்றைத் தரையில் விரித்து, தொப்பிப் பக்கம் காலடியில் இருக்க நின்று, குனிந்து இரண்டு கையையும் நுழைத்துத் தலைக்கு மேலால் எறிந்து போடும் வித்தையை மூன்று வயதுப் பிள்ளைகளே பழகிவிட்டார்கள். பேரனுக்குப் பூட்ஸ் மாட்டக் குனிந்த ஓர் அம்மம்மாவிடம், "நான் செய்வன், நீங்கள் உங்கட தொப்பியைப் போடுங்கோ" என்றான் அவன். இந்த ஊருக்கு வந்து பல வருடமாகியும் பனியில் கால் வைக்கப் பயந்திருந்தவர் அவர். அன்றைக்கு வெளியே வந்தார்.

ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். 2016இல் கனடிய நாடாளுமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நமக்கு அந்த மாதம் பொங்கலும் வருகிறது. மண்டபத்துக் குசினியில் பொங்கியபோது ஜன்னல் கண்ணாடி முழுவதும் நீராவி படிந்தது. பிள்ளைகள் விரலால் அதில் "அ" எழுதினார்கள், துளி கீழே ஓடியதைத் தடவிப் பார்த்தார்கள். ஒரு தட்டில் பனிக்கட்டி, ஒரு பேணியில் தண்ணீர், பானைக்கு மேலே ஆவி. மூன்றும் ஒன்றே என்பதை மூன்று வயதில் முழுதாக விளங்கிக்கொள்ள வேண்டும் என்றில்லை, பார்த்ததே போதும்.

பெப்ரவரி நடுவில் ரொறன்ரோவை அடுத்தடுத்துத் தாக்கிய பனிப்புயல்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த மாதத்துக் குடும்ப தின விடுமுறை வார இறுதியில் வட்டம் நடக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்கு, தங்களைவிட உயரமான பனிக்குவியல் வாசலிலேயே காத்திருந்தது. ஏறினார்கள், சறுக்கினார்கள். தெருவோரக் குவியலில் மட்டும் விளையாட விடவில்லை, எந்தக் குவியலிலும் குகை தோண்டவும் விடவில்லை. பனி அள்ளும் வாகனச் சாரதிக்குக் குவியலுக்குள் இருக்கும் பிள்ளை தெரியாது, குகை இடிந்தும் விழலாம். கனடியக் குழந்தைமருத்துவச் சங்கம், வெப்பநிலை −25 பாகையோ காற்றோடு சேர்ந்த குளிர் −28ஓ ஆகிவிட்டால் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருக்கச் சொல்கிறது. மிகச் சிறியவர்கள் என்பதால் நாம் அதற்கு முன்பே உள்ளே வந்துவிடுகிறோம். இன்னொன்று: தடித்த ஸ்நோ உடுப்போடு காரின் பிள்ளை இருக்கையில் பட்டியைப் பூட்டாதீர்கள். பட்டி இறுக்கமாக இருப்பதுபோல் தெரிந்தாலும், மோதினால் உடுப்பு அமுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். மெல்லிய உடுப்போடு பூட்டிவிட்டு, மேலே போர்வையைப் போட்டால் சரி.

கறுப்பு அட்டையை வெளியே வைத்துக் குளிரச் செய்து, அதில் விழுந்த பனித்துகளின் ஆறு கைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். பைன் காய்களில் மரக்கறிக் கொழுப்பைப் பூசி, சூரியகாந்தி விதையில் புரட்டிக் கட்டித் தொங்கவிட்டோம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருப்பதால் கடலை வெண்ணெய் பயன்படுத்தவில்லை. சிக்கடீ குருவிகளும் சிவப்புக் கார்டினலும் வந்தன. கயிற்றில் சோடி மிற்றன்களைத் தேடி உடுப்புக் கிளிப்பால் மாட்டும் விளையாட்டு, பென்சில் பிடிக்கப் போகும் விரல்களுக்கு நல்ல பயிற்சி. மார்ச்சில் மேப்பிள் மரத்தில் சாறு இறங்குவதைப் பார்க்கப் போனோம்.

இனி கூட்டத்தின் முடிவுக்கு. தண்ணீர் சிந்துவதால் பனிக்கட்டி மேசையை நிறுத்திவிட்டு வெட்டி ஒட்டும் வேலைக்குத் திரும்பலாம் என்ற யோசனை செயற்குழுவில் வந்தது. அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விரிப்பும் துவாயும் வாங்கினால் அந்தச் சிக்கல் தீரும், தரையைத் துடைக்க நான் நிற்பேன். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்கும் மூத்தவர்களுக்கும் தனித்தனி மேசை வேண்டும். அதற்கு ஒவ்வொரு சனியும் மேலும் இரு பெரியவர்கள் வரவேண்டும். பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன ஸ்நோ பாண்ட், பூட்ஸ், தண்ணீர் ஊறாத மிற்றன் வீட்டில் இருந்தால் ஒக்ரோபர் முடிவதற்குள் மண்டபத்தில் தாருங்கள். புதிதாக நாட்டுக்கு வந்த குடும்பங்களுக்கு முதல் கொடுப்போம், மிச்சம் வட்டத்தின் பொது அலுமாரியில் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்