மிச்சத்தில் ஊற்றின மண்புழு

டாலஸ்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுப்பையா,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து கோயில் வரை நடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்தது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் கல்லூரிக்குப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சனிக்கிழமைதோறும் லேக் ஃபோர்க் ஏரிக்குப் பாஸ் மீன் பிடிக்கக் கிளம்பிவிடுகிறேன்.

விராலுக்குத் தூண்டிலில் கோர்க்க நீயும் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் ரப்பர் புழு ஊற்றப்போவதாகச் சொன்னாயே, ரொம்பச் சந்தோஷம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், மிச்சத்தை எறியாதே. அச்சின் வாயில் தங்கும் கட்டைகளே ஒரு கிண்ணம் சேரும். மீன் கடித்துத் தலை கிழிந்த புழுக்கள் வேறு. அவற்றை ஏரியில் வீசிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது. அது மக்காது. தண்ணீரில் ஊறி உப்பும், மீன் விழுங்கினால் வயிற்றிலேயே கிடக்கும்.

எல்லாவற்றையும் வெண்டைக்காய் மாதிரி பொடிசாக அரிந்து, கண்ணாடிக் குவளையில் போட்டு மைக்ரோவேவில் வை. சோறு சூடு பண்ணுகிற மைக்ரோவேவ் கூடாது, இதற்கென்று தனியாக ஒன்று வேண்டும். முதலில் ஒரு நிமிஷம், அப்புறம் அரை அரை நிமிஷமாகச் சூடேற்றிக் கிளறு. புழு ஊற்றுகிற திரவ பிவிசி பிளாஸ்டிக்கான பிளாஸ்டிசால், புதுசாக இருந்தால் பால் போல இருந்து, கஞ்சியாகத் திரண்டு, உருக்கின நெய்யாகத் தெளியும். பழசு நேரே இளகிவிடும். 170 டிகிரி செல்சியஸ் பக்கம் ஊற்றலாம். 200-ஐத் தொட விடாதே, கருகி ஹைட்ரஜன் குளோரைடு ஆவி கிளம்பும், தொண்டையை அறுக்கும். கதவைத் திறந்து வைத்துத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் கொஞ்சம் மஞ்சளிக்கும், விறைப்பும் கூடும். மென்மையாக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டால் சரியாகும்.

ஈரம்தான் பெரிய எமன். போன மாதம் ஏரியில் பொறுக்கிய புழுக்களைத் துடைத்ததோடு சரி, காயவைக்காமல் போட்டுவிட்டேன். குவளையை எடுத்துக் கிளறினதும் படீரென்று தெறித்து மணிக்கட்டில் வெல்லப்பாகாக ஒட்டிக்கொண்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. இரண்டு நாள் நன்றாக உலர்த்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போட்டுக்கொள். இழுத்தால் ஜவ்வாக நீளுகிற டிபிஇ என்கிற வேறு பிளாஸ்டிக்கில் செய்த புழுக்களைச் சேர்த்துவிடாதே. நம் பிவிசி புழுவோடு ஒரே டப்பாவில் கிடந்தாலே இரண்டும் இளகிப் பிசுபிசுத்துப் போகும்.

நிறம் பற்றிக் கவலைப்படாதே. பச்சை, சிவப்பு, ஊதா எல்லாம் கலந்து எனக்கு வந்தது செம்பழுப்பு. ஆறவைத்து அச்சைப் பிரித்தால், வாய்க்கால் கரையில் சாணிக்குப்பைக்கு அடியில் நாம் கிளறி எடுப்போமே, அசல் அந்த மண்புழு! இந்தப் பிளாஸ்டிக் புழுவை 1949-இல் ஓஹையோ மாநிலம் ஆக்ரனில் முதலில் செய்த நிக் கிரீமும் மண்புழுவைப் பார்த்துத்தான் செய்தார். அவருடைய கம்பெனி பிறகு வந்து சேர்ந்த டைலர் நகரம், நான் போகிற லேக் ஃபோர்க் ஏரியிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்தான்.

நேற்று அந்தப் புழுவைத்தான் கோர்த்துப் போட்டேன். மூன்றாவது வீச்சிலேயே தங்கூசி விறுவிறுவென்று ஓடியது. இரண்டு கிலோ இருக்கும், திரும்ப விட்டுவிட்டேன். புழுவின் தலை கிழிந்துவிட்டது, அதையும் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

தம்பி தைப்பொங்கலுக்கு ஊர் வருகிறான். அவன் கையில் அச்சு ஒன்று கொடுத்தனுப்புகிறேன். குளத்தில் தண்ணீர் எப்படி என்று எழுது.

உன்
கணேசன்